ஊருக்கு வந்த வானொலி – 9: வீட்டுச் சாமானில் சுற்றிய காயில்

வானொலிப் பெட்டியின் உறுப்புகளில், கடையை நம்பாமல் வீட்டிலேயே செய்துகொள்ள மிகவும் எளிதானது காயில். வால்வும் டிரான்சிஸ்டரும் தொழிற்சாலையில்தான் பிறக்கும், ஹெட்போனும் அப்படியே. எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை ஓர் உருளையின் மேல் இடைவெளியில்லாமல் சுற்றி முனைகளைக் கட்டினால் காயில் முடிந்தது. கம்பியைத் தாங்கும் அந்த உருளைக்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் பார்மர். கம்பிக்குக் காசு கொடுத்தாக வேண்டும். பார்மருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அடுக்களையிலோ மளிகைக் கடையிலோ வயல் வரப்பிலோ அது கிடந்தது. 1924-இல் சென்னையில் முதல் ஒலிபரப்பு கேட்டது முதல் இன்றுவரை தமிழ்நாட்டில் வானொலி கட்டியவர்கள் எதன் மேல் கம்பி சுற்றினார்கள் என்பது, அந்தந்தக் காலத்தில் வீடுகளில் என்னென்ன சாமான் புழங்கியது என்பதற்கும் சேர்த்து ஒரு கணக்கு.

காயிலுக்கு என்ன வேலை? ஏரியலில் ஒரே நேரத்தில் பல நிலையங்களின் அலைகள் வந்து விழுகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க ஒரு காயிலும் ஒரு கண்டென்சரும் சேர்ந்த சுற்று வேண்டும். மத்திய அலை எனப்படும் மீடியம் வேவ் 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை பரந்தது. நிலையம் மாற்றத் திருப்பும் கேங் கண்டென்சரின் அதிகபட்சக் கொள்ளளவு 365 பைக்கோஃபாரட் என்றால், அலைவரிசையின் கீழ்க்கோடி வரை எட்டுவதற்குக் காயிலின் மதிப்பு ஏறத்தாழ 240 மைக்ரோஹென்றி இருக்க வேண்டும். இந்த மதிப்பைக் கம்பி சுற்றுவதற்கு முன்பே தாளில் கணக்கிட அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் வீலர் 1928-இல் ஓர் எளிய சூத்திரம் தந்தார். உருளையின் ஆரத்தையும் காயிலின் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, மறுபடி 0.394-ஆல் பெருக்க வேண்டும். வருவதை, ஆரத்தின் ஒன்பது மடங்கும் நீளத்தின் பத்து மடங்கும் சேர்ந்த தொகையால் வகுத்தால் மைக்ரோஹென்றி கிடைக்கும். ஒற்றை அடுக்குக் காயிலுக்கு இதில் வரும் பிழை மிகச் சிறியது. பள்ளிக் கணக்குத் தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கலாம்.

இதன்படி 2 அங்குல விட்டமுள்ள குழலில் 26 கேஜ் எனாமல் கம்பியை ஒட்டி ஒட்டிச் சுற்றினால் 76 சுற்றில் 240 மைக்ரோஹென்றி வந்துவிடும். மூன்றரை அங்குல விட்டமுள்ள பாட்டில் என்றால் அதே கம்பி 44 சுற்றுப் போதும். ஒரு அங்குலக் குழல்தான் இருக்கிறது என்றால் 32 கேஜ் கம்பிக்கு மாறி 140 சுற்றுக்குச் சற்று மேலே போக வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சூத்திரத்தில் ஆரம் வருகிறது, நீளம் வருகிறது, சுற்று வருகிறது. உருளை எந்தப் பொருளால் ஆனது என்பது வரவே இல்லை. எபோனைட்டானாலும் வைக்கோல் அட்டையானாலும் கணக்கு ஒன்றுதான். வீட்டுச் சாமானுக்குக் கதவு திறந்துவிட்டது இந்த இடத்தில்தான்.

ஆனால் எதன் மேலும் சுற்றலாம் என்று பொருளில்லை. உலோகம் கூடாது என்பது முதல் விதி. ஆரம்பக்காரர்கள் அதிகமும் சறுக்கியது இதில்தான். பால் பவுடர் டின், பவுடர் டப்பா, டார்ச் லைட்டின் உடல் ஆகியவை பார்வைக்கு அழகான உருளைகள். அவற்றின் மேல் சுற்றிய கம்பியில் அலை மின்னோட்டம் பாயும்போது, தகரம் தானே ஒரு சுற்றுக் காயிலாகி முனைகள் இணைந்த நிலையில் நிற்கிறது. அதில் எதிர் மின்னோட்டம் கிளம்பி ஆற்றலை உறிஞ்சிவிடும். காயிலின் மதிப்பும் சரிந்துவிடும். சத்தமே வராத பெட்டியை வைத்துக்கொண்டு மற்ற உறுப்புகளைச் சந்தேகித்தவர்கள் ஏராளம். இரண்டாவது விதி, பார்மர் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் ஏறிய அட்டையும் மரமும் அலையின் ஆற்றலைச் சூடாக்கி வீணடிக்கும். நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்கும். மூன்றாவது, வடிவம் மாறக் கூடாது. வெயிலில் சுருங்கி மழையில் உப்பும் பார்மரில் கம்பி தளரும், நிலையம் இடம் மாறும்.

தமிழ்நாட்டில் இந்தக் கைவேலை 1924-இல் தொடங்கியது. சென்னை மாகாண ரேடியோ கிளப் அந்த ஆண்டு மே மாதம் நிறுவப்பட்டது. அதன் பின்னால் நின்றவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த உறுப்புகளைக் கொண்டு அவர் பூட்டிய 40 வாட் டிரான்ஸ்மிட்டர் சில மைல் சுற்றளவுக்குத்தான் எட்டியது. ஜூலை 31 முதல் கிளப் முறையாக ஒலிபரப்பியது. பணமுடையால் 1927-இல் கிளப் ஓய்ந்தது. அதன் டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியின் பெயரில் ஒலித்தது. அன்றைக்குக் கேட்டவர்களில் பலரிடம் இருந்தவை கிரிஸ்டல் செட்டுகள். பேட்டரியும் மின்சாரமும் வேண்டாத பெட்டி அது: ஒரு காயில், ஒரு கலீனாக் கல், கல்லைத் தொடும் ஒரு மெல்லிய கம்பி, ஹெட்போன். கலீனாவை மின்காந்த அலையை உணரும் கருவியாக்கி 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜகதீஷ் சந்திர போஸ். ஆகவே கிரிஸ்டல் செட்டில் வங்காளத்தின் பங்கும் இருக்கிறது.

அதே ஆண்டுகளில் அமெரிக்கச் சிறுவர்கள் ஓட்ஸ் வந்த வட்ட அட்டைப் பெட்டியின் மேல் காயில் சுற்றினார்கள். அந்நாட்டின் வானொலி வரலாற்றில் ஓட்ஸ் பெட்டிக்கு நிரந்தர இடமுண்டு. தமிழ்நாட்டு வீட்டில் ஓட்ஸ் ஏது? பொட்டலம் என்றால் செய்தித்தாளிலோ மந்தாரை இலையிலோ கட்டியது. டப்பா என்றால் தகரம். வட்டமான அட்டைப் பெட்டியே அரிதாக இருந்த ஊர்களில் குழலையும் கையால் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

இனி நைனார்பாளையம். சின்னசேலம் வட்டாரத்தைச் சேர்ந்த இந்த ஊர் அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்கும் 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் வந்தது. சென்னை இங்கிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்கு மேல். 1924-இன் 40 வாட்டும் 1930-இன் மாநகராட்சி ஒலிபரப்பும் கிரிஸ்டல் செட்டைக் கொண்டு இங்கே கேட்கக்கூடியவை அல்ல. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியபோதும் அதன் மத்திய அலை டிரான்ஸ்மிட்டரின் வலு 250 வாட்தான். இந்தப் பகுதிக்கு வானொலியைக் கொண்டுவந்தது திருச்சி. 1939 மே 16 அன்று திறக்கப்பட்ட திருச்சி நிலையத்தில் 5 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் நிறுவப்பட்டது. நைனார்பாளையத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இந்தத் தொலைவில் கிரிஸ்டல் செட்டுக்கு நீண்ட ஏரியலும் ஈரமான எர்த்தும் வேண்டும். காதில் விழும் சத்தமும் மெலிதாகத்தான் இருக்கும். ஒரு வால்வு வைத்த பெட்டிக்கு இது எளிய தொலைவு. அலை மெலிந்து வரும் இத்தகைய ஊர்களில்தான் காயிலின் தரம் முக்கியமாகிறது. நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குக் காயில் எப்படி இருந்தாலும் கேட்கும். நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் ஈரம் ஏறிய பார்மரை வைத்துக்கொண்டால் இழப்பு முழுவதும் அவருக்குத்தான்.

சட்டமும் ஒரு பக்கம் இருந்தது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கட்டணம் தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 ரூபாய். தபால் நிலையத்தில் கட்ட வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய பெட்டிக்கும் வீட்டில் அட்டைக் குழலில் சுற்றிய பெட்டிக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு இல்லை. இந்த உரிம முறை 1985 வரை நீடித்தது.

அட்டைக் குழல் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டில் செய்த பார்மர்களில் நெடுங்காலம் நின்றது அதுதான். நேரான ஒரு பாட்டிலோ பூரிக்கட்டையோ அச்சாகும். அச்சின் மேல் முதலில் பசை தடவாத தாள் ஒரு சுற்று. கடைசியில் குழலை உருவி எடுக்க இதுவே வழி. அதற்கு மேல் பசை தடவிய தாளை இழுத்துப் பிடித்து உருட்ட வேண்டும். இழுவை தளர்ந்தால் அடுக்குகளுக்கு நடுவே காற்று நின்று, காய்ந்த பிறகு குழல் நசுங்கும். எட்டுப் பத்துச் சுற்றில் விரலால் அழுத்தினாலும் அமுங்காத சுவர் வந்துவிடும். பசைக்கு அரிசிக் கஞ்சி போதும். இந்த வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவு அதைவிட எளிதாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஸ்டார்ச் நின்றுபோக, 1943-இல் சேலத்தில் சேகோ எனப்படும் ஜவ்வரிசித் தொழில் வேர்விட்டது. பின்னர் ஆத்தூர், சின்னசேலம் பக்கமும் மரவள்ளி வயல்களும் சேகோ ஆலைகளும் பெருகின. மரவள்ளிப் பசை தாளை நன்றாகப் பிடிக்கும். காய்ந்ததும் விறைத்து நிற்கும்.

புத்தகம் பைண்டு செய்பவர்களும் சுவரொட்டி ஒட்டுபவர்களும் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். காயில் பார்மருக்கு அது ஆகாது. மயில்துத்தம் ஓர் உப்பு. தாளில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் மின்னோட்டம் கசிய அது வழி செய்யும். பூச்சிக்கும் ஈரத்துக்கும் சேர்த்து நல்ல மருந்து மெழுகு. நிழலில் காய்ந்து, பிறகு வெயிலில் காய்ந்த குழலை உருக்கிய மெழுகில் முக்கினால் அதன் மேலெல்லாம் சிறு குமிழிகள் கிளம்பும். தாளின் நாருக்குள் ஒளிந்திருந்த ஈரமும் காற்றும் வெளியேறுவதன் அடையாளம் அது. வெயிலில் நாள் முழுவதும் காய்ந்த குழலும் குமிழி விடும். கண்ணுக்கு உலர்ந்தது வேறு, வானொலிக்கு உலர்ந்தது வேறு. குமிழி நிற்கும் வரை மெழுகிலேயே விட்டு, எடுத்து வடியவிட வேண்டும். மெழுகுவத்தியே போதும், தேன்மெழுகு கிடைத்தால் இன்னும் நல்லது, அது குளிரில் வெடிக்காது. மெழுகுக்குப் பதிலாக அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷை இரண்டு மூன்று கை பூசுவதும் உண்டு. மர நாற்காலிக்குப் பூசும் அதே பாலிஷ்தான்.

குழல் ஆறியதும் ஒரு முனையில் ஊசியால் அருகருகே இரண்டு துளை. கம்பியின் நுனியை ஒன்றில் நுழைத்து மற்றொன்றில் வெளியே எடுத்தால் முடிச்சு இல்லாமலே பிடித்துக்கொள்ளும். கம்பியின் மறுமுனையைத் தூணில் கட்டிவிட்டு, கம்பி எப்போதும் விறைப்பாக இருக்கும்படி குழலைச் சுழற்றிக்கொண்டே தூணை நோக்கி நடந்து வருவது பழைய வழக்கம். 76 சுற்றுக் காயிலுக்கு 12 மீட்டருக்குச் சற்று அதிகமான கம்பி பிடிக்கும். நீளமான திண்ணை ஒன்று போதும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை கம்பியைச் சிறு காதாக முறுக்கி வெளியே விட்டால் அது டேப். கேங் கண்டென்சர் வாங்க முடியாதவர்கள் இந்தக் காதுகளை மாற்றி மாற்றித் தொட்டே நிலையத்தைப் பிடித்தார்கள். வேறு சிலர் காயிலின் நெடுகிலும் ஒரு கோடு போல எனாமலை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அந்தக் கோட்டின் மேல் பித்தளைத் துண்டு ஒன்றை நகர்த்தினார்கள். தேய்க்கும்போது பிசிறும் செம்புத் தூள் பக்கத்துச் சுற்றுகளை இணைத்துவிடாமல் தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். இது பொறுமை வேண்டிய வேலை.

மேற்கே கல்வராயன் மலை மூங்கில் தந்தது. மூங்கில் இயற்கை தந்த குழல். கணுவுக்குக் கணு அறுத்தால் பார்மர். ஆனால் எளிதில் ஏமாற்றுவதும் அதுதான். பச்சை மூங்கிலில் சுற்றிய காயில் முதல் வாரம் பாடும். மூங்கில் காயக் காயச் சுருங்கிக் கம்பி கழன்று தொங்கும், அல்லது நெடுக வெடிக்கும். நிழலில் நன்றாக உலர்ந்த முற்றிய மூங்கிலைத் தேர்ந்து, வழவழப்பான தோலைச் சீவி, மெழுகில் வாட்டி எடுத்தால் நல்ல பார்மர் கிடைக்கும். தோலைச் சீவாவிட்டால் மெழுகு உள்ளே இறங்காது. கடைசல் மரம் இதைவிடச் சிரமம் தந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடைசல் வேலைக்கு ஆளில்லாத ஊரல்ல. இருந்தும் கெட்டி மரக் கட்டை பார்மருக்கு ஏற்றதல்ல. அதன் உள்ளே இருக்கும் ஈரத்தை எந்த மெழுகாலும் முழுமையாக எடுக்க முடியாது. சுவர் மெல்லியதாக இருக்க இருக்க இழப்பு குறையும். இந்தத் தராசில் மரக் கட்டையைவிட மெழுகுத் தாள் குழலே மேல்.

பார்மரே இல்லாமல் காயில் சுற்றும் வழியும் இருந்தது. வட்டமாக வெட்டிய அட்டையில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றைப்படை எண்ணிக்கையில் பிளவுகள் வெட்டி, கம்பியை ஒரு பிளவில் முன்புறமும் அடுத்ததில் பின்புறமுமாகப் பின்னிச் செல்வது சிலந்திவலைக் காயில். பிளவுகள் 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் இருந்தால்தான் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி பக்கம் மாறும். கம்பிகள் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லாமல் குறுக்கே கடப்பதால் அவற்றுக்கிடையே தேங்கும் வேண்டாத கொள்ளளவு குறைகிறது. கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை இதற்குப் போதும். சிறிய இடத்தில் அடங்கும், செலவில்லை. கிரிஸ்டல் செட்டுக்கு இதைவிடச் சிக்கனமான காயில் கிடையாது.

போர்க் காலம் உறுப்புகளின் வரத்தைச் சுருக்கியது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும், பொழுதுபோக்காக ஒலிபரப்பும் அமெச்சூர் வானொலியாளர்களின் உரிமங்கள் இந்தியாவில் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் போர்முனைகளில் கைவேலை உச்சம் தொட்டது. 1944-இல் இத்தாலியின் அன்சியோ களத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் சவர பிளேடையும் பென்சில் கரியையும் கிரிஸ்டலுக்குப் பதிலாக வைத்து, கிடைத்த மரத்துண்டிலும் அட்டைக் குழலிலும் காயில் சுற்றிக் கேட்டார்கள். இன்னும் கடுமையான கதை போர்னியோவின் சண்டாக்கான் போர்க்கைதி முகாமினுடையது. ஆஸ்திரேலிய லெப்டினன்ட் ராட் வெல்ஸ் அங்கே ரகசியமாக ரேடியோ கட்டியபோது, கயிற்றில் கருக்கிய இலவங்கப்பட்டையை ஏற்றி ரெசிஸ்டர் செய்தார். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளும் செய்தித்தாளும் கண்டென்சர் ஆயின. 1943-இல் அது பிடிபட்டது. வெல்ஸ் சிங்கப்பூரின் அவுட்ரம் ரோடு சிறைக்குப் போனார். முகாமின் ரகசிய வலையை நடத்திய கேப்டன் லயனல் மாத்யூஸ் 1944 மார்ச் 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி கேட்பதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு என்பதை இந்தத் தொடர் மறந்துவிடக் கூடாது.

சிற்றலை கேட்க விரும்பியவர்களுக்கு அந்தக் காலம் ஓர் அருமையான பார்மரைத் தந்தது: எரிந்துபோன வால்வின் அடிப்பாகம். கண்ணாடிக் குமிழைத் துணியில் சுற்றிப் பதமாக உடைத்து, உள்ளிருக்கும் சிமெண்டைச் சுரண்டி எடுத்தால் ஒன்றேகால் அங்குல விட்டத்தில் பேக்லைட் உருளை ஒன்று மிஞ்சும். அதன் அடியில் பித்தளைக் கால்கள் நான்கு இருக்கும். காயிலின் முனைகளை அந்தக் கால்களுக்குள் விட்டு ஈயம் வைத்தால், சாக்கெட்டில் செருகி எடுக்கும் காயில் ஆகிவிடும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு வால்வு அடி. சிற்றலைக்குச் சுற்று மிகக் குறைவு. ஒரு வால்வு அடியில் 12 சுற்றைச் சற்று இடைவெளி விட்டு 15 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுற்றி 140 பைக்கோஃபாரட் கண்டென்சரோடு சேர்த்தால், 49 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரையிலான ஒலிபரப்புப் பட்டைகள் அந்த ஒரே காயிலில் அடங்கும். பயனற்றுப்போன உறுப்பை இவ்வளவு முழுமையாகப் பயன்படுத்திய வேறு தந்திரம் வானொலிக் கைவேலையில் இல்லை.

அந்தக் காயில்களுக்கு 1950-களில் நல்ல வேலை கிடைத்தது. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் முதல் ஒலித்துவந்தது. போருக்குப் பின், தென்கிழக்கு ஆசியக் கூட்டுப்படையின் வலுவான சிற்றலை டிரான்ஸ்மிட்டர்களைப் பெற்று அது ரேடியோ சிலோன் ஆனது. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியிருந்த காலத்தில் தமிழ்நாடே மாலையில் இலங்கையைத் திருப்பியது. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகும் இந்தப் பழக்கம் எளிதில் போகவில்லை. ஊராட்சி மன்றங்களில் வைத்த பஞ்சாயத்து ரேடியோ கூம்பு ஒலிபெருக்கியில் மாநிலச் செய்தியும் வேளாண்மைச் செய்தியும் சொன்னது. தம் விருப்பத்துக்குக் கேட்க வேண்டியவர் தாமே பெட்டி கட்ட வேண்டும், அல்லது கட்டியவர் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். ஜாகீர் ஆட்சி 1976 வரை நீடித்த கல்வராயன் மலையூர்களுக்குச் சாலையும் மின்சாரமும் தாமதமாகவே ஏறின. அங்கே பேட்டரியில் ஓடும் பெட்டிதான் வழி.

கம்பி எங்கிருந்து வந்தது? கிணற்றுப் பாசனத்துக்குப் பம்புசெட் பெருகிய பிறகு இதற்கு விடை எளிதாயிற்று. மோட்டார் காயில் கட்டும் கடைகள் சிற்றூர்ச் சந்தைவரை வந்தன. பம்புசெட் மோட்டாருக்குத் தடித்த கம்பி, சீலிங் ஃபேனுக்கு 34, 36 கேஜ் போன்ற மெல்லிய கம்பி என்று பல கேஜ் எனாமல் கம்பி அங்கே ரீலில் இருக்கும். எடை போட்டுத் தருவார்கள். எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய கம்பியை எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எரிந்த எனாமல் மேலே கறுப்பாகத் தெரிந்தாலும் வளைத்தால் உதிர்ந்துவிடும். சுற்றுக்குச் சுற்று செம்பு தொட்டுக்கொள்ளும். அப்படித் தொட்ட ஒரு சுற்று, தகர டப்பா செய்யும் கெடுதலை அப்படியே செய்யும்.

அறுபதுகளில் பார்மரின் கதை இரண்டாகப் பிரிந்தது. டிரான்சிஸ்டர் பெட்டிகளில் ஃபெரைட் தண்டு வந்தது. பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கறுத்த தண்டின் மேல் அறுபது எழுபது சுற்றுப் போதும், ஏரியலும் தேவையில்லை. அங்கேயும் கம்பி நேரடியாகத் தண்டின் மேல் ஏறவில்லை, மெல்லிய தாள் உறை ஒன்றின் மேல்தான் சுற்றப்பட்டது. உறையைத் தண்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் காயிலின் மதிப்பு குறையும். அலைவரிசையைச் சரிசெய்த மெக்கானிக், உறையை அந்த இடத்தில் ஒரு சொட்டு மெழுகால் நிறுத்திவைப்பார். பழைய பெட்டியைத் திறந்தால் தண்டின் மேல் இன்றும் தெரியும் மெழுகுத் துளி அதுதான்.

மறுபக்கம் கிரிஸ்டல் செட் பள்ளி மாணவர்களின் கைக்கு இறங்கியது. பாட்டில்களும் பிளாஸ்டிக்கும் வீட்டுக்கு வந்தன. ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டில் ஈரம் குடிக்காது, வடிவம் மாறாது. குறை என்னவென்றால் கம்பி வழுக்கும், துளை போட முடியாது. துணி நாடாவைப் பசையிட்டு ஒட்டி அதன் மேல் சுற்றினால் சரியாகும். புகைப்பட ஸ்டூடியோக்களில் வீசி எறியப்பட்ட ஃபிலிம் டப்பா இதைவிட மேலான பார்மர். பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக்கில் அலையின் இழப்பு மிகமிகக் குறைவு. விட்டம் 31 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே சீராக இருப்பதால் ஒருவர் சுற்றிய கணக்கை இன்னொருவர் அப்படியே பயன்படுத்தலாம். டிஜிட்டல் கேமரா வந்ததும் அது வழக்கொழிந்தது. நல்ல பார்மர் ஒன்று போய்விட்டது. இன்று எங்கும் கிடைப்பது பி.வி.சி. குழாய். மத்திய அலைக்கு அது தாராளமாகப் போதும். சிற்றலையின் மேல் பட்டைகளில் பி.வி.சி.யின் இழப்பு கூடுதல் என்பதால் கவனம் வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் நிறத்துக்காகக் கரித்தூள் கலந்திருப்பதுண்டு. அதைத் தவிர்ப்பதே நலம்.

இந்த வரிசையில் உலகம் கவனித்த இந்திய பார்மர் ஒன்று உண்டு: குழாய் வாஷர். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர் அஷ்ஹர் ஃபர்ஹான், 2003-இல் பிட்எக்ஸ்-20 என்ற, அனுப்பவும் கேட்கவும் உதவும் 6 வாட் டிரான்சீவரின் வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். இத்தகைய கருவிகளுக்கு வெளிநாட்டில் டோராய்டு எனப்படும் வளைய வடிவ உட்கருக்களைப் பயன்படுத்துவார்கள். இந்தியாவில் அவை எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக, ஹார்டுவேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் நைலான் வாஷரின் மேல் காயில் சுற்றலாம் என்று அவர் காட்டினார். வாஷரில் ஃபெரைட்டின் ஆற்றல் இல்லை. அதனால் சுற்று எண்ணிக்கை கூடும், அவ்வளவே. 14 மெகாஹெர்ட்ஸில் பேசும் அந்தக் கருவியைப் பல நாட்டினர் கட்டினார்கள். ஓட்ஸ் பெட்டியை அமெரிக்காவில் பார்த்துத் தமிழ்நாடு ஏங்கிய காலம் போய், இந்திய வாஷரை வெளிநாட்டவர் தேடிய காலம் அது.

சின்னசேலம், நைனார்பாளையம் பகுதி வீடுகளின் பரண்களில் பழைய வால்வுப் பெட்டியோ, கட்டையில் பூட்டிய கிரிஸ்டல் செட்டோ இன்னும் கிடக்கக்கூடும். பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன் காயிலை மட்டும் பிரித்துப் பாருங்கள். தாளா, மூங்கிலா, வால்வு அடியா, ஃபிலிம் டப்பாவா என்று பார்த்தால், அது எந்தக் காலத்தில் சுற்றப்பட்டது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். முடிந்தால் பக்கத்துப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். இரும்புக்காரருக்குப் போட்டால் எடைக்கு என்ன தேறும்? 2 அங்குலக் குழலில் 76 சுற்றுச் சுற்றிய காயிலில் இருக்கும் செம்பு மொத்தம் 18 கிராம்தான்.

(தொடரும்)